என்எஃப்எஸ் மவுண்ட் ஆகவில்லையா? திரையில் இருக்கும் வரியை முதலில் படியுங்கள்

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும். பட்டர்வொர்த் படகுத்துறையில் ஃபெரிக்குக் காத்துக்கொண்டிருந்தேன், போன் வந்தது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் நான் அவ்வப்போது கணினி பார்த்துக்கொடுக்கும் அச்சுக்கடைத் தம்பி.

“அண்ணே, சர்வர் செத்துப்போச்சுண்ணே. பந்தல் பேனர் ஒன்னையும் திறக்க முடியல. ஒரு கம்ப்யூட்டருக்கு உபுண்டுவை மறுபடி போட்டுப் பார்த்துட்டேன், அப்பவும் வரல.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் வயிற்றில் புளி கரைத்தது. சர்வரிலுள்ள ஃபோல்டர் தெரியவில்லை என்பதற்காகத் தன் கணினியை அழித்து மறுபடி நிறுவுவது, கடை பூட்டியிருக்கிறது என்று வீட்டுக்கு வந்து நம் வீட்டுக் கதவைப் பெயர்த்துப் போடுவது மாதிரி. ஆனாலும் புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். அதனால் அன்றைக்கு நடந்ததையே வைத்து, என்எஃப்எஸ் மவுண்ட் ஆகாவிட்டால் எந்த வரிசையில் பார்ப்பது என்று எழுதிவிடுகிறேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கட்டளைகளை, போனில் சொல்கிற மாதிரி, வாயால் உச்சரிக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

என்எஃப்எஸ் என்பது வேறொரு கணினியின் ஃபோல்டரை நம் கணினியின் ஃபோல்டர் போலவே காட்டும் ஏற்பாடு. அப்படி அந்த ஃபோல்டரைக் கொண்டுவந்து நம் பக்கத்தில் இணைப்பதைத்தான் மவுண்ட் செய்வது என்பார்கள். மவுண்ட் கட்டளை தோற்றால் அது சும்மா தோற்காது, ஏதாவது ஒரு வரியைச் சொல்லிவிட்டுத்தான் தோற்கும். அந்த வரி மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். ஒன்று, நம் கணினிக்கே பேசத் தெரியவில்லை. இரண்டு, பேசினோம், அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லை. மூன்று, பதில் வந்தது, ஆனால் ‘முடியாது’ என்று வந்தது. பதில் இல்லாததும் மறுப்பு வந்ததும் வேறு வேறு நோய். பதில் இல்லையென்றால் கேபிள், முகவரி, ஃபயர்வால் (வரும் இணைப்புகளை வடிகட்டும் நிரல்) பக்கம் பார்க்க வேண்டும். மறுப்பு வந்துவிட்டதென்றால் கேபிளும் முகவரியும் நன்றாக இருக்கின்றன, சர்வரின் அனுமதிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல்தான் ஆட்கள் அனுமதிப் பிரச்சினைக்குக் கேபிளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, தம்பியிடம் முதலில் கேட்டது இதைத்தான். “திரையில என்ன எழுதியிருக்கு? உன் வார்த்தையில சொல்லாத, எழுத்துக் கூட்டிப் படி.”

பழைய கணினியில், ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’. மறுபடி நிறுவிய கணினியில், ‘ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர் பிளாக்’. ஒரே கோளாறு இரண்டு கணினியில் இரண்டு விதமாகப் பேசாது. அப்படிப் பேசினால் கோளாறும் இரண்டு.

பேசவே தெரியாத கணினி

‘பேட் சூப்பர் பிளாக்’ என்று பார்த்ததும் ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், நிறையப் பேர் பயந்துபோவது இங்கேதான். அந்த நீளமான வரியின் கடைசியில், என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் போன்றவற்றுக்கு ஒரு உதவி நிரல் தேவைப்படலாம் என்றும் எழுதியிருக்கும். விஷயம் அதுதான். உபுண்டுவையோ டெபியனையோ புதிதாக நிறுவினால் என்எஃப்எஸ் உதவி நிரல் கூடவே வருவதில்லை. ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் என்எஃப்எஸ்-காமன்’ என்று தட்டினால் வந்துவிடும். ஃபெடோரா, ரெட் ஹேட் வழிக் கணினிகளில் அந்தத் தொகுப்பின் பெயர் என்எஃப்எஸ்-யூட்டில்ஸ். நிறுவி முடித்ததும் மறுபடி மவுண்ட் செய்தால் பிழைச் செய்தி மாறும். தம்பிக்கும் மாறியது: இதிலும் ‘டைம்ட் அவுட்’. அவன் சலித்துக்கொண்டான், எனக்கோ நிம்மதி. செய்தி மாறினால் ஒரு படி முன்னேறியிருக்கிறோம் என்று பொருள்.

இதே இடத்தில் ‘மவுண்ட் பாயிண்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று வந்தால், நம் பக்கத்தில் அந்த வெற்று ஃபோல்டரை உருவாக்கவில்லை என்று பொருள். எம்கேடிர் போட்டு உருவாக்குங்கள், அவ்வளவுதான்.

பதிலே இல்லை என்றால்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான்.

மவுண்ட் கட்டளையோடு ஒரு சிறு கோடும் வி எழுத்தும் சேர்த்துத் தட்டுங்கள். அது என்ன முயற்சி செய்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். ‘வெர்ஸ் = 4.2’ என்று ஆரம்பித்து, ‘ஆட்ர்’ என்ற இடத்தில் சர்வரின் முகவரி, ‘கிளையண்ட்ஆட்ர்’ என்ற இடத்தில் உங்கள் கணினியின் முகவரி. இந்த இரண்டு முகவரிகளையும் ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். தம்பி படித்தான்: சர்வர் 192.168.0.10. அவன் கணினி 192.168.1.37.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஒன்று 0, இன்னொன்று 1. சாதாரண வீடு, கடை நெட்வொர்க்கில் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன என்று பொருள். இங்கே வேறு தெரு. “தம்பி, ரவுட்டரை யாராவது மாத்தினாங்களா?”

“ஆமாண்ணே, முந்தாநேத்து இடி இடிச்சதுல பழசு கருகிப்போச்சு. நேத்து சாயங்காலம் ஆள் வந்து புதுசு வெச்சுட்டுப் போனாரு. இன்டர்நெட்லாம் நல்லாதான் வருது.”

இன்டர்நெட் நன்றாகத்தான் வரும். பழைய ரவுட்டர் கடைக்குள் எல்லாருக்கும் 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது, புதியது 192.168.1 வரிசையில் கொடுக்கிறது. கணினிகள் தானாக முகவரி வாங்குபவை, அதனால் புது வரிசைக்கு மாறிவிட்டன. சர்வருக்கு நான்தான் நிலையான முகவரி போட்டு வைத்திருந்தேன், அது பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. தம்பியின் கணினி சர்வரைக் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கேள்வியும் ‘நம் தெருவில் இல்லையே’ என்று ரவுட்டர் வழியாக வெளியே போய்க் காணாமல் போகிறது. அதனால்தான் மௌனம், அதனால்தான் ‘டைம்ட் அவுட்’. சர்வர் சாகவே இல்லை. பின்னறையில் விசிறி ஓடிக்கொண்டு தேமே என்று இருந்தது.

ஃபெரி வர இன்னும் நேரம் இருந்தது, பேனருக்கு ஆள் கடையில் உட்கார்ந்திருந்தார். அப்போது செய்த தற்காலிக வேலையைச் சொல்கிறேன், உங்களுக்கும் என்றைக்காவது உதவும். ஒரு கணினிக்கு ஒரே கம்பியில் இரண்டு முகவரி இருக்கலாம். கம்பி இணைப்பின் பெயர் அவன் கணினியில் ‘ஈஎன்பி3எஸ்0’. ‘சுடோ ஐபி ஆட்ர் ஆட் 192.168.0.50/24 டெவ் ஈஎன்பி3எஸ்0’ என்று தட்டச் சொன்னேன். அந்தக் கணம் முதல் அவன் கணினி பழைய தெருவிலும் ஒரு வீடு வைத்திருக்கும் ஆள். சர்வரும் அவனும் அதே ரவுட்டரின் பின்புறத் துளைகளில்தான் செருகியிருக்கிறார்கள், ஆகவே நேராகப் பேசிக்கொள்ளலாம். மவுண்ட் செய்தான், வந்துவிட்டது. அந்தக் கணினியை அணைத்துப் போட்டால் இந்த இரண்டாவது முகவரி மறைந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அது மருந்தல்ல, கட்டு மட்டும்தான்.

பொதுவாக நீங்கள் செய்ய வேண்டியது இந்த வரிசை. ‘ஐபி ஆட்ர்’ போட்டு உங்கள் முகவரியைப் பாருங்கள். சர்வர் முகவரிக்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள். பிங் வந்தால் அப்புறம் கதவைத் தட்டிப் பாருங்கள். என்எஃப்எஸ் கதவின் எண் 2049. ‘என்சி’ கட்டளைக்குக் கோடு போட்டு இசட்வி சேர்த்து, சர்வர் முகவரி, இடைவெளி, 2049 என்று கொடுத்தால் கதவு திறந்திருக்கிறதா என்று சொல்லும். பிங் வராவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள், சில சர்வர்களில் பிங்கை மட்டும் அடைத்து வைத்திருப்பார்கள்.

என்சி சொல்லும் பதிலிலும் மூன்று விதம் உண்டு. ‘சக்ஸீடட்’ என்றால் வழி சுத்தம், அடுத்த பகுதிக்குப் போங்கள். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் கணினி இருக்கிறது, கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை, அதாவது சர்வரில் என்எஃப்எஸ் சேவை ஓடவில்லை. சர்வருக்குப் போய் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்எஃப்எஸ்-சர்வர்’ பாருங்கள். ஒன்றுமே சொல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தால் நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது. உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ வழக்கமாக இப்படித்தான் சத்தமில்லாமல் விழுங்கும். ஃபெடோரா பக்கத்து ஃபயர்வால்டியின் குணம் வேறு, அது ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்று வர வைக்கும். பிங் ஜம்மென்று வருகிறது, ஆனால் ‘போக வழியே இல்லை’ என்கிறதே என்று குழம்ப வேண்டாம், வழி இருக்கிறது, ஃபயர்வால்தான் அப்படிச் சொல்லி அனுப்புகிறது. யூஎஃப்டபிள்யூவில் உங்கள் வரிசை முகவரிகளுக்கு 2049 டிசிபியைத் திறந்துவிட்டால் போதும், ஃபயர்வால்டியில் என்எஃப்எஸ் சேவையைச் சேர்த்தால் போதும். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு: சோதனைக்கு ஒரு நிமிடம் அணைக்கலாம், ஆனால் அணைத்ததை மறந்துவிட்டு வீட்டுக்குப் போகாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

கடையில் மூன்றாவதாக ஒரு லேப்டாப் இருந்தது. அதில் கிளையண்ட்ஆட்ர் 192.168.5.23 என்று காட்டியது. ரவுட்டர் வைக்க வந்தவர் விருந்தினருக்கென்று ஒரு வைஃபையும் திறந்துவிட்டிருக்கிறார், லேப்டாப் அதில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விருந்தினர் வைஃபையின் வேலையே உள்ளே இருக்கும் கணினிகளை வெளியாள் கண்ணில் காட்டாமல் வைப்பதுதான். அதில் உட்கார்ந்துகொண்டு சர்வர் தெரியவில்லை என்றால் எப்படித் தெரியும்?

‘ஆக்சஸ் டினைட்’: ஜாகா (காவலாளி) சொல்வதைக் கேளுங்கள்

கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் செய்ய நினைத்தது, புது ரவுட்டரின் உள்முகவரியையே பழையபடி 192.168.0 வரிசைக்கு மாற்றிவிடுவது. ஐந்து நிமிட வேலை, வேறு எதையும் தொட வேண்டாம். உங்களால் முடிந்தால் அதையே செய்யுங்கள். ஆனால் ரவுட்டரின் கடவுச்சொல் ஒட்டியிருந்த தாளை யாரோ உரித்து எறிந்திருந்தார்கள், வைத்துவிட்டுப் போன நிறுவனத்துக்குப் போன் போட்டால் இசை மட்டும் கேட்டது. ஆகவே சர்வரின் முகவரியை 192.168.1.10 என்று மாற்றினேன், கணினியில் மவுண்ட் அடித்தேன். இம்முறை மௌனம் இல்லை. சட்டென்று ‘ஆக்சஸ் டினைட் பை சர்வர்’.

இது நல்ல செய்தி. அடுக்குமாடி வாசலில் ஜாகா இருப்பாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சரியான கட்டடத்துக்கு வந்துவிட்டீர்கள், அவர் உங்களைப் பார்த்துவிட்டார், கையிலிருக்கும் நோட்டைப் புரட்டி உங்கள் பெயர் இல்லை என்கிறார். அந்த நோட்டு, சர்வரில் எட்க் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்போர்ட்ஸ் என்ற கோப்பு. எந்த ஃபோல்டரை, எந்த முகவரிக்கு, என்ன உரிமையோடு என்று வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கும். நம் நோட்டில் 192.168.0.0/24 என்று இருந்தது, அதாவது பழைய தெருக்காரர்கள் மட்டும். அதை 192.168.1.0/24 என்று திருத்தினேன்.

திருத்தினால் மட்டும் போதாது. கோப்பைச் சேமித்துவிட்டு இன்னும் ‘டினைட்’ வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். ‘சுடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ’ என்று போட்டால்தான் சர்வர் நோட்டை மறுபடி படிக்கும். படித்ததா என்று பார்க்க ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி’. கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட இந்தக் கட்டளை காட்டுவதைத்தான் நம்ப வேண்டும், சர்வர் இந்த நிமிடம் கடைப்பிடிப்பது இதைத்தான்.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு பொல்லாத இடைவெளி உண்டு. 192.168.1.0/24(ஆர்டபிள்யூ) என்று ஒட்டி எழுதினால், அந்தத் தெருக்காரர்களுக்குப் படிக்க, எழுத உரிமை. நடுவில் ஒரே ஒரு இடைவெளி விட்டு 192.168.1.0/24 (ஆர்டபிள்யூ) என்று எழுதினால் பொருளே தலைகீழ்: அந்தத் தெருக்காரர்களுக்கு வழக்கமான உரிமை, அதாவது படிக்க மட்டும், எழுதும் உரிமை உலகத்தில் உள்ள மற்ற எல்லாருக்கும். அழகுக்காக இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கோப்பில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எந்த முகவரியிலிருந்து வந்ததால் மறுத்தது என்று தெரிய வேண்டுமா, சர்வரில் ஜர்னல்சிடிஎல் போட்டுப் பதிவுகளைப் பாருங்கள். என்எஃப்எஸ் வெர்ஷன் 3 வழியாக மவுண்ட் கேட்டிருந்தால், இன்ன முகவரியிலிருந்து இன்ன ஃபோல்டரைக் கேட்டார்கள், மறுத்தேன் என்று மவுண்ட்டி என்ற சர்வர் நிரல் எழுதி வைத்திருக்கும். அதற்காகவே நான் சில நேரம் ‘-ஓ வெர்ஸ்=3’ போட்டு ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதுண்டு. இதற்கு நேர்மாறாக, ‘ஷோமவுண்ட் -ஈ’ போட்டுப் பார் என்று நிறைய இடத்தில் சொல்வார்கள். அது பழைய முறை சர்வர்களுக்கு நன்றாக வேலை செய்யும், வெர்ஷன் 4 மட்டும் ஓடும் சர்வரிலோ 2049 மட்டும் திறந்த ஃபயர்வாலிலோ அது தோற்கும், மவுண்ட் மட்டும் ஒழுங்காக ஆகும். ஷோமவுண்ட் தோற்றது என்பதற்காக சர்வர் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று சர்வர் சொன்னால் பாதையில் எழுத்துப் பிழை இருக்கலாம், பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசமும் இங்கே கணக்கு; எக்ஸ்போர்ட்ஸில் ‘எஃப்எஸ்ஐடி=0’ என்று ஒரு ஃபோல்டரைத் தலைவாசலாகக் குறித்திருந்தால் வெர்ஷன் 4-இல் பாதையை அந்த வாசலிலிருந்து எண்ண வேண்டும், சர்வரின் முழுப் பாதையையும் கொடுக்கக் கூடாது. அப்புறம், விர்ச்சுவல் பாக்ஸுக்குள் லினக்ஸை ஓட்டி அதிலிருந்து மவுண்ட் செய்பவர்களுக்கு, முகவரி எல்லாம் சரியாக இருந்தும் ‘டினைட்’ வரலாம். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டிலிருந்து (கதவு எண்ணிலிருந்து) வரும் கோரிக்கையை மட்டுமே சர்வர் ஏற்கும் என்பது இயல்பான அமைப்பு, நேட் (முகவரியை மாற்றி அனுப்பும் முறை) வழியாகப் போகும்போது அந்த எண் மாறிவிடுகிறது. எக்ஸ்போர்ட்ஸில் ‘இன்செக்யூர்’ சேர்க்கலாம், அல்லது மெய்நிகர் கணினியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் கோப்பு சேமிக்கும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு ‘ப்ரோட்டோகால் நாட் சப்போர்ட்டட்’ வந்தால், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் என்எஃப்எஸ்ஸையும் வெர்ஷன் 4-ஐயும் டிக் செய்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெர்ஸ்=3.

மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் சேமிக்க விடமாட்டேன் என்கிறது

மூன்று கணினியும் மவுண்ட் ஆயின. தம்பி கையைத் தட்டிவிட்டு பேனரைத் திறந்தான், எழுத்தைத் திருத்தினான், சேமித்தான். ‘பெர்மிஷன் டினைட்’. அவன் மறுபடி நிறுவிய கணினியில் மட்டும்.

என்எஃப்எஸ்ஸை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்தபோது, நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் எல்லாம் நம் ஆள்களுடையவை என்ற நம்பிக்கையில் கட்டினார்கள். அந்த நம்பிக்கை இன்றைக்கும் சாதாரண அமைப்பில் அப்படியே இருக்கிறது: நீங்கள் யார் என்று சர்வர் பெயரைக் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை, உங்கள் கணினி சொல்லும் எண்ணை நம்புகிறது. அதற்கு யூஐடி என்று பெயர். ‘ஐடி’ என்று தட்டினால் உங்கள் எண் தெரியும். சர்வரில் உள்ள கோப்புகளின் சொந்தக்காரர் எண்ணைப் பார்க்க ‘எல்எஸ் -எல்என்’. பேனர் கோப்புகளின் சொந்தக்காரர் 1002. பழைய நிறுவலில் தம்பிக்கு 1002 என்று நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். உபுண்டுவைப் புதிதாக நிறுவினால் முதல் பயனருக்கு 1000 கொடுக்கும். பெயர் அதே பெயர், முகம் அதே முகம், சர்வர் கண்ணுக்கு மட்டும் வேறு ஆள்.

சரிசெய்ய இரண்டு வழி. வேறொரு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, ‘யூசர்மாட் -யூ 1002’ என்று அந்தப் பயனரின் எண்ணை மாற்றலாம். வீட்டு ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளின் எண்ணை அதுவே மாற்றிவிடும், வெளியே ஏதாவது இருந்தால் நீங்கள்தான் மாற்ற வேண்டும். குழு எண்ணும் சேர்ந்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அல்லது சர்வர் பக்கத்தில் எக்ஸ்போர்ட்ஸில் ‘ஆல்_ஸ்குவாஷ்’ போட்டு, ‘அனான்யூஐடி=1002’, ‘அனான்ஜிஐடி=1002’ என்று எழுதிவிட்டால், யார் வந்தாலும் சர்வர் அவரை 1002 என்றே எடுத்துக்கொள்ளும். நான்கைந்து பேர் ஒரே கோப்புகளைப் புரட்டும் சின்னக் கடைக்கு இது போதும் என்பது என் கருத்து. யார் எதை அழித்தார் என்று கண்டுபிடிக்க வேண்டிய அலுவலகத்துக்கு இது ஆகாது.

சுடோ போட்டும் எழுத முடியவில்லையே என்று கேட்பார்கள். சுடோ போட்டவர் ரூட், அதாவது முழு நிர்வாகி. அந்த ரூட்டைச் சர்வர் வேண்டுமென்றே ‘நோபடி’ ஆக்கிவிடுகிறது, ‘ரூட்_ஸ்குவாஷ்’ என்று பெயர், இயல்பாகவே அது இருக்கும். அதைக் கழற்ற வேண்டாம். கோப்பின் சொந்தக்காரராக 65534 அல்லது நோபடி என்று எல்லாவற்றிலும் தெரிந்தால், ஒன்று இந்த ஸ்குவாஷ் காரணம், இல்லையென்றால் வெர்ஷன் 4-இன் ஐடிமேப் (பெயரையும் எண்ணையும் பொருத்தும்) அமைப்பில் இரண்டு பக்கமும் டொமைன் பெயர் ஒத்துப்போகவில்லை.

காணாமல் போன பேனர்

இத்தனைக்கும் நடுவில் தம்பி இன்னொன்று சொன்னான்: காலையில் சேமித்த ஒரு பேனர் காணவில்லை. மவுண்ட் ஆகாத நேரத்தில் அதே பாதையில் சேமித்திருக்கிறான். மவுண்ட் ஆகாவிட்டால் அந்த இடம் அவன் கணினியின் சாதாரண வெற்று ஃபோல்டர்தான், அங்கே சேமித்தால் அவன் டிஸ்கில்தான் போய் உட்காரும். பிறகு அதன் மேல் சர்வர் ஃபோல்டர் வந்து மவுண்ட் ஆனதும் கீழே இருப்பது மறைந்துவிடும். அழிந்துவிடவில்லை, மேலே பாய் விரித்துவிட்டது, அவ்வளவே. ‘யூமவுண்ட்’ செய்து பார்த்தோம், இருந்தது. வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, காலியான அந்த ஃபோல்டருக்கு ‘சுடோ சிஎச்ஆட்டர் +ஐ’ போட்டுவிட்டேன். இனி மவுண்ட் இல்லாத நேரத்தில் அங்கே யார் சேமிக்கப் போனாலும் கணினியே தடுக்கும், மவுண்ட் ஆனபின் எப்போதும் போல.

சர்வர் பக்கத்திலும் இதே கூத்து நடக்கும். மின்சாரம் போய் வந்தபின் சர்வரின் தகவல் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்தால், சர்வர் கூச்சமில்லாமல் வெற்று ஃபோல்டரைப் பகிரும், கடையில் எல்லாரும் ‘எல்லாம் போச்சு’ என்று அலறுவார்கள். எக்ஸ்போர்ட்ஸில் ‘மவுண்ட்பாயிண்ட்’ என்ற தெரிவைச் சேர்த்தால், டிஸ்க் உண்மையிலேயே அங்கே மவுண்ட் ஆகியிருந்தால்தான் பகிரும்.

கணினியைத் திறக்கும்போது தானாக வர

எட்க் ஃபோல்டரில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி. முதலில் சர்வர் முகவரி, முக்காற்புள்ளி, சர்வரிலுள்ள பாதை, மூன்றும் ஒட்டி. இடைவெளி விட்டு நம் பக்க ஃபோல்டர். பிறகு ‘என்எஃப்எஸ்’. பிறகு தெரிவுகள். கடைசியில் 0 0.

தெரிவுகளில்தான் சங்கதி இருக்கிறது. லேப்டாப்பில் நீங்கள் நுழைந்த பிறகுதான் வைஃபை இணையும், மவுண்ட் முயற்சியோ அதற்கு முன்பே நடந்து தோற்றுவிடும். கையால் செய்தால் வருகிறது, தானாக வரவில்லை என்ற புகாருக்கெல்லாம் காரணம் இதுவே. சர்வர் அணைந்திருந்தால் ‘எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று ஒன்றரை நிமிடம் திரை நிற்பதும் உண்டு. ‘நோஃபெயில்’ போடுங்கள், கூடவே ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ போடுங்கள். அப்போது கணினி திறக்கும்போது மவுண்ட் செய்யாது, நீங்கள் அந்த ஃபோல்டருக்குள் முதல்முறை நுழையும்போதுதான் செய்யும். வரியைத் திருத்தியதும் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ ஒரு தடவை, பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, பிறகு ‘மவுண்ட் -ஏ’. பிழை இருந்தால் இப்போதே தெரியட்டும், மறுநாள் காலை கடை திறக்கும் அவசரத்தில் தெரிய வேண்டாம்.

அன்றைக்குப் பழைய முகவரியை நான் தேடித் தேடி மாற்றிய இடங்கள்: சர்வரின் நிலையான முகவரி, எக்ஸ்போர்ட்ஸ், சர்வரின் யூஎஃப்டபிள்யூ விதி, ஒவ்வொரு கணினியின் எஃப்எஸ்டேப். யூஎஃப்டபிள்யூவை லேசில் மறந்துவிடுவோம்.

தொங்கி நிற்கும்போது

சர்வர் நடுவில் போய்விட்டால், மவுண்ட் ஆகியிருந்த கணினியில் ‘டிஎஃப்’ தட்டினாலே அப்படியே நின்றுவிடும், கோப்பு மேலாளர் சாம்பல் நிறமாகிவிடும், கன்ட்ரோல் சி-க்கும் மசியாது. இது பழுதல்ல. ‘ஹார்டு’ என்பதுதான் இயல்பு, சர்வர் திரும்பி வரும்வரை காத்திருப்பேன், பாதிக் கோப்பை எழுதிவிட்டுப் போகமாட்டேன் என்ற பிடிவாதம். கேபிளைச் செருகுங்கள், சர்வரைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், விட்ட இடத்திலிருந்து ஓடும். சர்வர் இப்போதுதான் எழுந்தது என்றால் வெர்ஷன் 4-இல் ஒன்றரை நிமிடம் வரை பழைய பூட்டுகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும், பொறுங்கள், அங்குமிங்கும் தட்டாதீர்கள். இந்தத் தொங்கலுக்குப் பயந்து ‘சாஃப்ட்’ போடச் சொல்வார்கள். போட்டால் தொங்காது, காத்திருந்து பார்த்துவிட்டுப் பிழையோடு கைவிடும், எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கும். படிக்க மட்டும் உள்ள ஃபோல்டருக்கு சரி, பேனர் சேமிக்கும் இடத்துக்கு வேண்டாம்.

சர்வர் இனி வரப்போவதில்லை என்றால் ‘யூமவுண்ட் -எஃப்’, அதுவும் மசியவில்லையென்றால் ‘யூமவுண்ட் -எல்’. ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று வந்தால், நீங்கள் திறந்து வைத்திருந்த ஃபோல்டரையே அந்தப் பக்கம் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது டிஸ்கை மாற்றியிருக்கிறார்கள். யூமவுண்ட் செய்துவிட்டு மறுபடி மவுண்ட் செய்தால் தீரும்.

இரவு கடை சாத்தும்போது முதலில் கணினிகளை அணையுங்கள், சர்வர் கடைசியில். மாற்றிச் செய்தால் கணினிகள் போய்விட்ட சர்வருக்காகக் காத்துக்கொண்டு அணைய மறுக்கும். சர்வர் பெட்டியின் மேல் 192.168.1.10 என்று கொட்டை எழுத்தில் தாள் ஒட்டியாகிவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே தம்பி ரவுட்டர் கடவுச்சொல்லுக்கென்று ஒரு வெற்றுத் தாளையும் ஒட்டி வைத்திருக்கிறான், வைத்துவிட்டுப் போனவர் போன் எடுத்தால் எழுத வேண்டும்.